தலையணைக்கு ஒரு குட் மோர்னிங்

எங்கள் வீட்டு மேலறையில் வாடகைக்குப் போடிங் இருந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பேராதனையில் டொக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை நெருங்கினால் எங்கள் தலையணைகளுக்குக் கஷ்டகாலம்தான். நின்றுபோன இதயத்தை நெஞ்சில் அமுக்கி ஓட வைக்கும் பாடத்தை, ஒரு தலையணையைத் தரையில் கிடத்திப் பழகுவாள். சும்மா இல்லை. முதலில் அதற்குக் குட் மோர்னிங் சொல்லி, தான் யார் என்று அறிமுகப்படுத்திக்கொள்வாள். பிறகு செய்கிற ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்வாள்.

"தலகாணி பதில் சொல்லுச்சா புள்ள?" என்று கேட்பேன்.

"சிரிக்காதேங்கோ அன்ரி. நோயாளிக்கு வணக்கம் சொல்லாட்டி மார்க்ஸ் குறைப்பினம்."

நிஜமாகவே ஓர் ஆள் விழுந்தால் இவள் என்ன செய்வாள் என்று எனக்குச் சந்தேகம். அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. "பொம்மையிலதான் செய்திருக்கிறன் அன்ரி, மனுசரில ஒருக்காலும் இல்லை" என்று தேத்தண்ணீர் குடிக்கும்போது ஒருநாள் சொன்னாள்.

அந்த முதல் மனுஷர் என் வீட்டுக்காரராக இருப்பார் என்று யார் கண்டது?

ஒரு சாயங்காலம் கட்டுகஸ்தோட்டையில் கடையைப் பூட்டிவிட்டு வந்தவர், கதிரையில் உட்காரப் போய் அப்படியே தரையில் சரிந்தார். கூப்பிட்டேன், உலுக்கினேன். அசைவில்லை. நான் போட்ட கூச்சலில் அவள் படியிறங்கி ஓடிவந்தாள். பக்கத்து வீட்டுக்காரரும் வந்துவிட்டார்.

அவள் முழங்காலிட்டு, அவர் தோளைத் தட்டி, உரத்த குரலில் சொன்னாள்: "குட் மோர்னிங் சேர், நான் ஒரு மெடிக்கல் ஸ்டூடன்ட்."

எனக்கு வந்த ஆத்திரம்! "உசிரு போகுது, குட் மோர்னிங்கா சொல்ற?" என்று கத்தினேன். அது அவள் காதில் விழவே இல்லை. மூச்சைப் பார்க்கிறேன் என்றாள், பார்த்தாள். மூச்சில்லை என்றாள். பக்கத்து வீட்டுக்காரரை நோக்கிக் கையை நீட்டி, "அண்ணை, நீங்கள்தான், ஆம்புலன்சுக்குப் போன் அடியுங்கோ" என்றாள். அமுக்கத் தொடங்குகிறேன் என்றாள். வாய் சொன்னதைக் கை செய்தது.

திடீரென்று நெஞ்சுக்குள் படக்கென்று ஒரு சத்தம். அவள் கை நின்றுவிட்டது. பொம்மைக்கு எலும்பு முறியாதே. "அன்ரி, விலா எலும்பு..." என்று வெளிறிப்போய் என்னைப் பார்த்தாள்.

"முறிஞ்சா முறியட்டும்! நிப்பாட்டாத, அமுக்கு!"

எந்தத் தெய்வம் என்னை அப்படிச் சொல்ல வைத்ததோ தெரியாது. ஆம்புலன்ஸ்காரர்கள் இதயத்துக்கு ஷொக் கொடுக்கும் மெஷினோடு வந்து அவளை விலக்கும்வரை அவள் மறுபடி நிறுத்தவே இல்லை.

அவள் அமுக்கியிராவிட்டால் மெஷின் வந்தும் பயனிருந்திருக்காது என்று ஆஸ்பத்திரியில் பெரிய டொக்டர் சொன்னார். இன்றைக்கும் நான் நெற்றியில் பொட்டு வைக்கும்போது அந்தப் பிள்ளையின் கைகளைத்தான் நினைத்துக்கொள்கிறேன். நான் கிண்டல் செய்த பாடம்தான் எனக்கு இவரைத் திருப்பித் தந்தது.

இவர் கண் விழித்த பிறகும் அவள் ஆஸ்பத்திரி வாட்டுக்கு வரத் தயங்கினாள். எலும்பை முறித்துவிட்டாளாம். நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். நடந்ததையெல்லாம் இவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. கட்டிலோரம் தலைகுனிந்து நின்றவளைப் பார்த்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இவர் மெதுவாகச் சொன்னார்:

"குட் மோர்னிங், டொக்டர்."

அவள் விம்மி அழுதாள். அவள் கைகள் இரண்டையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"பாத்தியா புள்ள," என்றேன், "தலகாணி பதில் சொல்லிருச்சு."