நாற்பத்து மூன்று வீடும் ஒரு பேரும்

இலுப்பூருக்குக் கிழக்கே இரண்டு மைலில் நாற்பத்து மூன்று வீடுகள் கொண்ட ஒரு சின்ன ஊர். அத்தனை வீட்டுக்காரர் பெயரையும் வரிசை பிசகாமல் சொல்லி முடித்த பிறகுதான் பிச்சையம்மாள் காலையில் நீராகாரம் குடிப்பாள். திருகையில் கேப்பை அரைத்தபடியே மேலக்கோடி இருளாண்டி வீட்டில் தொடங்குவாள். கீழக்கோடி ரெங்கசாமி வீட்டில் முடிப்பாள். அங்கிருந்து தலைகீழாகத் திரும்பி வருவாள்.

"பேசாம நீ தலையாரி வேலைக்குப் போயிரலாம்க்கா" என்று பக்கத்து வீட்டு அமராவதி கேலி பேசுவாள். பிச்சையம்மாள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை.

காரணம் அவளைப் பெற்ற ஆத்தா. கடைசிக் காலத்தில் புத்தி மழுங்கி, கஞ்சி ஊட்டிய மகளையே ஏறிட்டுப் பார்த்து, "நீ எந்த ஊருப் புள்ள தாயி?" என்று கேட்டாள். ஆத்தா செத்ததைக்கூடப் பிச்சையம்மாள் தாங்கிக்கொண்டாள், அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. தீட்டாத அரிவாள் துருப்பிடிக்கும், புத்தியும் அப்படித்தான் என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்து தினமும் தீட்டிக்கொண்டிருந்தாள்.

ஆனால் ஒரு வீட்டுக்கு மட்டும் அவள் வாயில் பெயர் கிடையாது. தன் வீடு வந்ததும் "நம்ம வீடு" என்று சொல்லித் தாண்டிவிடுவாள். புருஷன் பேரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள். அவரோ ரங்கூன் மர ஆலைக்கு வேலைக்குப் போனவர். ஜப்பான்காரன் குண்டு போட்டதிலிருந்து நாலு வருஷமாகக் கடுதாசி இல்லை. ஊரும் அவரை 'ரங்கூன்காரர்' என்றே சொல்லிப் பழகிவிட்டது.

நாற்பத்தாறாம் வருஷம், பர்மாவில் காணாமல் போனவர்களைத் தேடுவதற்குப் பேர் எழுதுகிறார்கள் என்று கேள்விப்பட்டு இலுப்பூர் சர்க்கார் ஆபீசுக்கு நடந்தாள்.

"புருஷன் பேரு?" என்றார் குமாஸ்தா.

"பழனி மலையில கோவணத்தோட நிக்கிறாரே, அந்தச் சாமிங்க."

பெண்கள் இப்படி விடுகதை போடுவது குமாஸ்தாவுக்குப் புதிதில்லை. எழுதிவிட்டு, "பழனிச்சாமி. சரிதானே?" என்று வாசித்தும் காட்டினார். பிச்சையம்மாள் தலையாட்டிவிட்டு வந்தாள்.

பாதி வழியில், கண்மாய்க் கரை ஏறும்போது சட்டென்று நின்றாள். பழனிச்சாமியா? அதுதானா அவர் பேர்? இல்லையென்றால் வேறென்ன? யோசித்தாள், வரவில்லை. கரையிலேயே உட்கார்ந்து இருளாண்டியில் தொடங்கினாள். நாற்பத்திரண்டு பேரும் கூப்பிட்ட குரலுக்கு வந்தார்கள். தன் வீட்டு வாசலில் மட்டும் ஆளே இல்லை. ஆத்தாவைப் பிடித்தது தன்னையும் பிடித்துவிட்டது என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

எவ்வளவு நேரம் இருந்தாளோ, செத்துப்போன மாமியாரின் நினைப்பு வந்தது. வரப்பில் நின்று கையைக் குவித்துக்கொண்டு, "அடேய் ஆண்டிச்சாமீ! கஞ்சி ஆறுதுடா!" என்று அந்த அம்மாள் போடும் சத்தம் கண்மாய்க்கு அந்தப் பக்கம் வரை கேட்கும். பிச்சையம்மாள் எழுந்து ஓட்டமும் நடையுமாக இலுப்பூருக்குத் திரும்பினாள்.

குமாஸ்தா எரிந்து விழுந்தார். "ஏம்மா, நெனச்சபடி பேரை மாத்திச் சொல்றதா?"

"நான் எங்கிட்டுங்க சொன்னேன்? இப்பத்தான் சொல்றேன். ஆண்டிச்சாமி. நல்லா எழுதிக்கங்க, ஆண்டிச்சாமி."

மறுநாள் காலை திருகைச் சத்தத்தோடு அந்தப் பேரும் கேட்க, அமராவதி பதறி ஓடி வந்தாள். "அடி பாவி! அவுக ஆயுசு என்னத்துக்காகும்?"

பிச்சையம்மாள் அரைப்பதை நிறுத்தவில்லை. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்தது.

"அவுக உசுரோட இருக்காகளோ என்னமோ, எனக்குத் தெரியாது அமராவதி. நேத்துக் கண்மாய்க் கரையில ஒரு நாழி நானே அவுகளச் சாகடிச்சிட்டேன்."