கத்திரியை விடாத கை

அம்மா ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டினாள். நாள் முழுக்கக் கையில் பெரிய கத்திரி. சில சமயம் மறுநாள் காலை கை பொம்மென்று வீங்கியிருக்கும். சில சமயம் முகம். அரிக்காது. இரண்டு மூன்று நாளில் தானே வடிந்துவிடும். எந்த மாத்திரைக்கும் மசியாது. அங்கே அவள் பெயர் ‘பன்னு அக்கா’.

“என்னக்கா, அடுப்புல இருந்து நேரா வர்றியா?” என்பாள் பொத்தான் தைப்பவள்.

“போடி, காய்ஞ்ச ரொட்டி!”

சாப்பாடுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா முடிவுகட்டியிருந்தாள். வீங்கும்போதெல்லாம் முந்தின நாள் தின்றதில் ஒன்றைத் தள்ளிவைப்பாள். முட்டை போயிற்று. மீன், தக்காளி, கடலை எல்லாம் போயின. மதியச் சாப்பாட்டில் மற்றவர்கள் ஆளுக்கொரு கவளம் நீட்டுவார்கள், மறுக்க வேண்டியிருக்கும். அதனால் வெறும் சோற்று டப்பாவோடு மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள், வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, அம்மாவின் ரத்தத்தையும் சோதித்த பிறகுதான் காரணம் தெரிந்தது. வீக்கத்துக்குக் கடிவாளம் போடும் புரதம் ஒன்று எல்லோர் ரத்தத்திலும் உண்டு. அம்மாவிடம் அது மிகக் குறைவு. ஓரிடம் அழுந்தினால் போதும். தடுக்க ஆளில்லாமல் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து சதையில் தேங்கும், அழுந்திய கையிலோ, சில சமயம் முகத்திலோ தொண்டையிலோ. சாப்பாட்டின் மேல் தப்பில்லை. கத்திரிதான்.

“அப்ப முட்டை திங்கலாமா?”

“தாராளமா. கத்திரியத்தான் விடணும்மா. தொண்டை வீங்கினா மூச்சு நின்னுடும்.”

“நல்லா இருக்குடா நியாயம்! சோத்தைக் குடுத்துட்டுக் கையப் பிடுங்குறியா?”

விடவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் வீட்டிலேயே அக்கம்பக்கத்தாருக்கு வெட்டித் தைத்தாள். அந்தப் புரதத்தையே ஊசி மருந்தாக வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்தேன், போட்டுக்கொள்ளவும் கற்றுத்தந்தேன். நான் வேறு ஊரில் இருந்தேன். மதியம் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடுவாள். “நீ மெல்லுற சத்தம் கேக்குதுடா. அது போதும்.”

ஒரு மதியம் போனில் அவள் குரல் கட்டியிருந்தது.

“ஊசி போடும்மா, இப்பவே.”

“தூசிடா. இந்தத் துணிய முடிச்சிட்டுப் போட்டுக்கறேன்.”

அதன்பிறகு போனை எடுக்கவில்லை. நான் போனில் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மருந்து பிரிக்கப்படாமல் இருந்தது. மேசையில் பாதி வெட்டிய துணி.

மிச்சத்தை அவள் கத்திரியாலேயே, அவள் போட்டிருந்த சுண்ணக்கட்டிக் கோட்டின்மேலேயே நான் வெட்டி முடித்தேன். என் ரத்தத்தில் அந்தப் புரதம் சரியாகத்தான் இருக்கிறது, எப்போதோ பார்த்தாயிற்று. ஆனாலும் மறுநாள் எழுந்ததும் கையைத்தான் பார்த்தேன்.

வீங்கவில்லை.