ஊஞ்சல் கொக்கியில் ஓர் இன்ஜின்

பழைய காரைக் காதலிப்பவருக்கு மனைவியாக இருப்பது முழுநேர உத்தியோகம். சம்பளம் கிடையாது, ராஜினாமா செய்தாலும் வாங்கிக்கொள்ள ஆள் கிடையாது. அதே உத்தியோகத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் தோழியருக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

நாலு போய் ஆறு

எங்கள் மந்தைவெளி வீட்டுப் போர்ட்டிகோவில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது. இரண்டே இருக்கை, துணிக்கூரை, வயது என்னைவிட அதிகம். கோட்டூர்புரம் பாலத்தில் ஒரு ஷேர் ஆட்டோ அதை முந்திக்கொண்டு போனது. என் கணவர் ரகுவுக்கு மானமே போய்விட்டது. நாலு சிலிண்டர் இன்ஜினைக் கழற்றிவிட்டு, புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகளில் தேடிப் பிடித்த ஆறு சிலிண்டர் இன்ஜினை மாட்டப்போவதாக அறிவித்தார்.

கல்யாணம் ஆன நாளாய் டார்ச் பிடித்து நின்றதில் எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்ஜின் மட்டும் பெரிசு, பிரேக் அதே கிழட்டு டிரம் பிரேக்கா என்று கேட்டேன். பதில் வந்தது: “காரை ஓடறதுக்கு வாங்கறோமா, நிக்கறதுக்கு வாங்கறோமா?”

சித்தியின் எடை

போர்ட்டிகோ உத்தரத்தில் எங்கள் ஊஞ்சல் தொங்கியது. அதைக் கழற்றி மாடிக்கு அனுப்பிவிட்டு, அதே கொக்கியில் சங்கிலிக் கப்பியை மாட்டி இன்ஜினைத் தூக்கினார்கள். ராயப்பேட்டையிலிருந்து வரும் மெக்கானிக் பாஷா, சார் எதைச் சொன்னாலும் ஆமாம் போடுகிறவர். அவர் இரண்டு கைகளையும் இன்ஜினுக்குக் கீழே விட்டு வழிகாட்டினார். சங்கிலியை இழுக்கும் வேலை எனக்கு.

ஆறு சிலிண்டர் இன்ஜின் காருக்குள் பாதி இறங்கியபோது கொக்கியைச் சுற்றியிருந்த சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்து என் தலையில் விழுந்தது. மேலே ‘கிர்’ என்று ஒரு சத்தம். கையை எடுங்க பாய் என்றேன். எடுக்கவில்லை, இன்னும் ஒரு விரக்கடைதானாம். நான் மூச்சை விடவில்லை, சங்கிலியையும் விடவில்லை. ஒருவழியாக இன்ஜின் உட்கார்ந்தது. இந்தக் கொக்கி தாங்கும் என்று யார் சொன்னது என்று கேட்டேன். ரகு கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “இந்த ஊஞ்சல்ல உங்க சித்தியே ஆடினாங்க, உத்தரம் அசையல.”

வஞ்சிரம்

முதல் வெள்ளோட்டம் எங்கள் தெருவிலேயே. பக்கத்து இருக்கையில் பாஷா. கார் உறுமியதில் காகமெல்லாம் பறந்தது. தெருமுனையில், பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா கூடையை அப்போதுதான் இறக்கிவைத்தார். ரகு பிரேக்கை மிதிப்பது கேட்டில் நின்ற எனக்கே தெரிந்தது. காருக்குத் தெரியவில்லை. மூக்கைத் தாழ்த்திக்கொண்டு வழுக்கியே போனது. அந்த அம்மா துள்ளி விலகினார். கூடையைக் கவிழ்த்துவிட்டுத்தான் கார் நின்றது.

ரோடெல்லாம் மீன். அந்த அம்மா மெதுவாக வந்து, வெளுத்துப்போயிருந்த ரகுவின் முகத்தைப் பார்த்தார்: “இன்னா சார், வஞ்சிரம் வேணும்னா வாயத் தொறந்து கேக்க மாட்டியா?”

புளி ஜாடி

அந்தக் கூடை முழுக்க எங்கள் ஃப்ரீசருக்கு வந்தது. மனுஷர் திருந்திவிட்டார் என்று நம்பினேன். சாயங்காலமே போனில், நாளைக் காலை ஈசிஆரில் ஓட்டிப் பார்க்கலாம், பிரேக்கை அப்புறம் கவனிக்கலாம் என்று பாஷாவிடம் சொல்வது காதில் விழுந்தது. கான்வென்ட் சிஸ்டர்கள் கற்றுத்தந்த பொறுமை அத்துடன் தீர்ந்தது. பானட்டைத் திறந்தேன். பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே கட்டைவிரல் அளவில் இருக்கும் ரோட்டரைப் பிடுங்கினேன். அது இல்லாவிட்டால் அந்த ஆறு சிலிண்டரும் வெறும் இரும்பு. பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் புளி ஜாடியில் போட்டேன்.

காலையில் சாவியைத் திருப்பத் திருப்ப இன்ஜின் இருமியதே தவிர எழுந்திருக்கவில்லை. பாஷா பெட்ரோலைப் பார்த்தார், பேட்டரியைப் பார்த்தார், கடைசியாக அந்த மூடியைத் திறந்தார். பிறகு காரைப் பார்க்கவில்லை, காபி டம்ளரோடு நின்ற என்னைப் பார்த்தார். “சார், இது பூனை எடுத்துக்கினு போற சாமான் இல்ல. நீங்க மேடத்தாண்ட பேசுங்க.”

பாலம்

முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. ரோட்டரும் வந்தது, லேசான புளி வாசனையோடு.

இம்முறை பக்கத்து இருக்கையில் நான். கோட்டூர்புரம் பாலத்தில் கார் பறந்தது. பிடித்திருந்தது என்று அவரிடம் சொல்லவில்லை. பாலம் இறங்கும் இடத்தில் ஓர் ஆட்டோ கையும் காட்டாமல் குறுக்கே திரும்பியது. ரகுவின் கால் இறங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டு டாஷ்போர்டைப் பிடித்தேன். திறந்தபோது நடுவில் ஒரு ஆள் நடந்துபோகும் அளவுக்கு இடம் இருந்தது. ஆட்டோக்காரர் தலையை நீட்டி காரை மேலும் கீழும் பார்த்தார்: “சூப்பரா நிக்குது நைனா, பிரேக்கு எங்க போட்ட?”

அடுத்து கியர்பாக்ஸாம், ஆகவே ஊஞ்சல் இன்னும் மாடியில்தான் கிடக்கிறது, புளி ஜாடியிலும் கொஞ்சம் இடம் விட்டே வைத்திருக்கிறேன்.