ரிலீவர் இல்லாமல் லீவு இல்லை

பேஸ் கிடார் வாசிப்பவன் மேடையில் இருப்பதே, அவன் வாசிப்பை நிறுத்தும்போதுதான் ஜனங்களுக்குத் தெரியும். ஓரமாக நின்றே காலம் தள்ளிய சக பாவப்பட்டவர்களே, இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்!

வாரம் முழுக்க துபாயில் ஸ்டோர்கீப்பர். விடுமுறை நாளில் நாலு பேர் குழுவில் பேஸ். எங்கள் இசைக்கு போஸ்ட்-பங்க் என்று பெயர். பேஸ் முன்னால் போகும், கிடார் பின்னாலிருந்து கீறும், பாடகர் பாடாமல் பொரிந்து தள்ளுவார். பஸ்ஸுக்கு நின்ற வரிசை, ஃபோர்மேனின் வசவு, கிடைக்காத லீவு எல்லாம் எங்களுக்குப் பாட்டுதான்.

முதல் கச்சேரி

துபாய் ஓரத்தில் சோனாப்பூரில், தொழிலாளர் கேம்ப் ஒன்றின் மெஸ்ஸில் அரங்கேறினோம். எங்கள் பாடகர் செல்லையா புதுக்கோட்டைப் பக்கம், சைட்டில் சாரம் கட்டுகிறவர். ஆறு பாட்டு முடித்து வேர்த்து ஒழுக நின்றார். முன்வரிசையில் பொறுமையாக உட்கார்ந்திருந்த கொத்தனார் ஒருவர் என் தோளைத் தட்டினார்.

"மைக் எல்லாம் நல்லாத்தான் கேக்குது தம்பி. பாட்டை எப்ப ஆரம்பிப்பீங்க?"

செல்லையாவின் லீவு

நம் வேலையைப் பார்க்க ஒரு ரிலீவரைக் காட்டினால்தான் இங்கே லீவுக்குக் கையெழுத்து விழும். ஷார்ஜாவில் கடை வைத்திருக்கும் எங்கள் கிடார்காரர் ரஹீம் பாய் அதையே குழுவுக்கும் சட்டமாக்கினார். செல்லையா ஊருக்குக் கிளம்பியபோது, கிரேனுக்குச் சைகை காட்டும் பழனியைத் தன் ரிலீவராகக் கூட்டிவந்தார். மைக்கை நீட்டியதும் பழனி பின்வாங்கினார்.

"அண்ணே, எனக்குப் பாட வராது. திட்டத்தான் வரும்."

கேன்சல்

செல்லையா ஊரில் இருந்த இரண்டு மாதமும் பழனி வெளுத்துக் கட்டினார். பிறகு ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் ஃபேக்டரிக்கு மாறிப் போய்விட்டார். குழு தொடங்கி ஆறாவது வருஷம் செல்லையாவின் சைட் முடிந்து விசா கேன்சலானது. குழு அத்தோடு முடிந்துவிடும் போலிருந்தது. வாரம் முழுக்க அட்டைப்பெட்டிகளோடு கிடப்பவனுக்கு விடுமுறை நாளில் வாசிக்கும் அந்த இரண்டு மணி நேரம்தான் வாழ்க்கை. ரிலீவரைக் காட்டாமல் விடமாட்டேன் என்று விளையாட்டாக மிரட்டினேன். செல்லையா சிரிக்கவில்லை.

"லீவுல போறவன்கிட்டதான் ரிலீவர் கேப்பாங்க. கேன்சல் ஆனவன்கிட்ட யாரு கேப்பா?"

டைல்ஸ் ஃபேக்டரி

பழனியைத் திரும்பக் கூப்பிட ரஹீம் பாயும் நானும் ராஸ் அல் கைமா போனோம். அவர் வராவிட்டால் குழு இல்லை. மெஸ் ஹாலை நெருங்கும்போதே எங்கள் பாட்டு கேட்டது. உள்ளே பழனியோடு ஐந்து பேர். ரிலீவர் சட்டப்படி ஒவ்வொருவரும் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்து, ஃபேக்டரியில் பாதிப் பேருக்கு எங்கள் பாட்டு மனப்பாடம். மூன்றாவது பாட்டில் நான் எப்போதும் கொஞ்சம் பிந்துவேன். அவர்களின் பேஸ்காரர், சூளையில் வேலை பார்ப்பவர், பழனி செல்போனில் பதிந்துவைத்த எங்கள் கச்சேரியைக் கேட்டே பழகியவர், அதே இடத்தில் அதே அளவு பிந்தினார்.

விஷயத்தைச் சொன்னேன். பழனி என் கையைப் பிடித்துக்கொண்டார். இவர்களை விட்டுவிட்டு எப்படி வருவது என்று கேட்டார். பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னார்:

"எங்க பேஸ்காரர் அடுத்த வாரம் ஊருக்குப் போறாரு. ரெண்டு மாசம் நீங்க ரிலீவரா வர்றீங்களாண்ணே?"

ஆக, நானே போட்ட மெட்டை நான் தப்புச் செய்த இடத்தில் தப்பாமல் தப்பாக வாசிக்க, ஒரு சூளைத் தொழிலாளியிடம் இப்போது பாடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.