முன்னால் வரும் வரி

"இது தெளிவா, அது தெளிவா?"

ஆலயத்தின் கடைசி பெஞ்சு ஓரம், தன் மேசையிலிருந்து கேட்கிறார் கண்ணாடி அக்கா. சுவரில் விழும் பாட்டு வரியை ஒரு தடவை பெரிதாக்குகிறார், ஒரு தடவை சிறிதாக்குகிறார். பெருக்க வந்த பெண் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் ஒரு கண்ணைப் பொத்திக்கொள்கிறாள். "எதுக்கும்மா ஒத்தக் கண்ண மூடுற? ரெண்டு கண்ணத் தொறந்துதான பாடப் போற?" ஆராதனை தொடங்க இன்னும் நேரம் இருக்கிறது. எனக்கும் வேறு வேலையில்லை. கேட்டால் நானும் பதில் சொல்வேன்.

வார நாட்களில் அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை உட்கார வைத்து, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு அதே கேள்வியைத்தான் அங்கேயும் கேட்பார். வெளியில் பார்த்தாலும் கை சும்மா இருக்காது. எதிரே நிற்பவரின் கண்ணாடியைக் கேட்காமலே கழற்றி, காதுக் கம்பியை வளைத்து, முந்தானையில் துடைத்து மாட்டிவிட்டு, "ம், இப்ப சொல்லுங்க" என்பார். ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் செய்தார். அழுதுகொண்டிருந்தவர் அழுகையை நிறுத்தி நன்றி சொன்னதை நானே பார்த்தேன்.

சபையில் பாட்டு வரிகளைச் சுவரில் காட்டுவது அவர் பொறுப்பு. இருந்தது ஒரே ஒரு மடிக்கணினி. பழசு, அதில் அவர் பார்ப்பதெல்லாம் அப்படியே சுவரிலும் தெரியும், வேறு மாதிரி காட்ட அதற்கு வராது. அடுத்த பாட்டை அவர் தேடினால் சபையே சேர்ந்து தேடும். ஒரு நாள் ஜெபத்தின் நடுவே அவர் தங்கையின் செய்தி சுவர் முழுக்க வந்து நின்றது: 'தண்ணி மோட்டார ஆஃப் பண்ணாமப் போயிட்டியா?' எல்லோரும் கண்ணை மூடியிருந்ததால் மானம் தப்பியது என்று அக்கா நம்பிக்கொண்டிருக்கிறார். திறந்திருந்தவர்கள் நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

இதையெல்லாம் அவர் சிரித்தே தள்ளிவிடுவார். தள்ள முடியாத ஒன்று மூன்றாவது வரிசையில் இருந்தது.

அவருடைய வீட்டுக்காரர். தகடு அடிக்கும் பட்டறையில் காலமெல்லாம் வேலை செய்தவர். சுத்தியல் சத்தம் அவர் காதைத் தின்றுவிட்டது. காதுக் கருவி போட்டால் பாட்டு வெறும் இரைச்சலாகக் கேட்கிறது என்று, ஆலயத்துக்குள் நுழையும்போதே அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். சுவரில் வரி வந்தால் பாடுவார். நன்றாகவே பாடுவார், சத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதல்.

ஆனால் ஒரு சரணம் முடிந்து அடுத்ததை அக்கா தேடும்போது சுவரில் கோப்புகளின் பெயர்கள்தான் ஓடும். மனிதர் அப்படியே தொங்கி நிற்பார். வரி பிந்தி வரும், அவரும் பிந்திப் பாடுவார். ஒரு ஞாயிறு சபை பாடி முடித்து உட்கார்ந்துவிட்டது. அவர் மட்டும் நின்றுகொண்டு கடைசி வரியை முழுதாகப் பாடினார். யாரோ சிரித்தார்கள். குழந்தை சிரித்திருந்தால் போகட்டும் என்று விடலாம், சிரித்தது பெரியவர்கள். அதை அவர் காதால் கேட்கவில்லை, திரும்பிப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அன்றோடு அவர் பாடுவதை விட்டுவிட்டார். வருவார், நிற்பார், உதடு அசையாது.

"வாயத் தொறக்கலன்னாலும் கடவுளுக்குக் கேக்கும்" என்றாராம் வீட்டில்.

அக்கா அவர் முகத்துக்கு நேரே வந்து நின்று, வாயசைவு புரியும்படி நிறுத்திச் சொல்லியிருக்கிறார். "கடவுளுக்குக் கேக்கும். எனக்குக் கேக்க வேணாமா?"

அடுத்த சபைக் கூட்டத்திலேயே ஆரம்பித்துவிட்டார். "அடுத்த வரி எனக்கு முன்னாடியே தெரியணும். எனக்கு ஒரு திரை, சபைக்கு வேற திரை." செயலர் தங்கமான மனிதர். அக்கா கேட்டால் தட்ட மாட்டார், என்ன கேட்டார் என்பதுதான் அவருக்குப் புரியாது. மறுவாரமே ஒரு பழைய திரையையும், ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒயரையும் கொண்டுவந்து, தானே முழங்கால் போட்டு மாட்டினார். சுவரிலும் திரையிலும் ஒரே படம் வந்தது. அவருக்கு வாயெல்லாம் பல்.

"ஒரே பால ரெண்டு டம்ளர்ல ஊத்தியிருக்கீங்கண்ணே" என்றார் அக்கா. "எனக்கு ஒண்ணுல பாலு, இன்னொண்ணுல தண்ணி வேணும்."

"ரெண்டு திரை கேட்டீங்க, ரெண்டு இருக்கே?" என்று செயலர் பாவமாகக் கேட்டார்.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். கூட்டத்துக்குக் கூட்டம் அக்கா பாலையும் தண்ணீரையும் விளக்கினார். ஆயர்கூட ஒரு பிரசங்கத்தில் தன்னை அறியாமல் அந்த உவமையைச் சொல்லிவிட்டார். கடைசியில் செயலர், "நீங்களே பாத்து வாங்கிட்டு வந்துடுங்கக்கா, புண்ணியமாப் போகும்" என்றார்.

கணினிக் கடைக்குத் துணையாக நான் போனேன். எனக்குக் கணினி தெரியும் என்று ஊருக்குள் ஒரு வதந்தி உண்டு. கடைக்காரர் முதலில் காட்டியது உள்ளே சிவப்பும் நீலமுமாக விளக்கெரியும் ஒரு பெட்டி. "கேம் ஆடுறவங்கல்லாம் இதான் கேப்பாங்க." மெல்லிய மடிக்கணினி ஒன்றைக் காட்டி நான் அழகாக இருக்கிறது என்றேன். அக்கா இரண்டையும் தொடவில்லை.

"ரெண்டு திரைய மாட்டிக் காட்டுங்க. கண்ணால பாத்துட்டுத்தான் வாங்குவேன்."

"வீட்டுக்குப் போய் மாட்டினா தானா வரும்மா."

"வரும்னு சொல்லித்தான் ஏற்கெனவே ஒரு ஒயரு வந்துச்சு."

கடைக்காரர் பெருமூச்சு விட்டு, படத்தை வெளியே அனுப்ப இரண்டு தனித்தனி வாய்கள் உள்ள சாதாரணக் கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். "ஒவ்வொரு வாய்லயும் வேற வேற படம் போகும், இதான் உங்களுக்குச் சரி." பிறகு கேட்டார், "உங்க புரொஜெக்டர்ல ஒயர் சொருகுற எடம் எந்த மாதிரி?"

அக்கா விழித்தார். நானும் விழித்தேன். அத்தனை கூட்டம் போட்டும், கூரையில் தொங்கும் அதை அண்ணாந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. வேறு யாராவது என்றால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்பார்கள். அக்கா திரும்ப ஆலயத்துக்கே நடந்தார். மேசைமேல் நாற்காலி போட்டு, நான் அதன் கால்களைப் பிடித்துக்கொள்ள, ஏறிப் படம் எடுத்துக்கொண்டு மறுபடி கடைக்கு வந்தார். எனக்கு மூச்சு வாங்கியது.

கடையிலேயே பாட்டுகளை ஏற்றி, இரண்டு திரையையும் மாட்டி முடிந்ததும் என்னை ஒரு திரையின் முன் உட்கார வைத்தார். அவர் மற்றதன் முன்னே.

"தேடுறேன். அங்க தெரியுதா?"

"இல்ல. முதல் வரிதான் இருக்கு."

"இப்ப அடுத்த பாட்டத் தொறக்கறேன். தெரியுதா?"

"இல்லக்கா."

எட்டிப் பார்த்தேன். முந்தானையால் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், வெகுநேரம்.

ஒத்திகையன்று திரைகள் இடம் மாறிவிட்டன. அக்கா தனக்கென்று பாட்டோரம் எழுதி வைத்திருந்த குறிப்பு, 'மூன்றாம் சரணம்: மாஸ்டர் இழுப்பார், காத்திராதே' என்று, சுவரில் ஆளுயரத்துக்கு வந்தது. பாடகர் குழு சிரித்து உருண்டது. பாடகர் குழு மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. அக்கா மன்னிப்புக் கேட்டார், குறிப்பை அழிக்கவில்லை.

அடுத்து வந்த ஞாயிறு. முதல் சரணம் முடியுமுன்பே, பாடகர்கள் மூச்சு இழுக்கும் இடத்தில், இரண்டாம் சரணம் சுவருக்கு வந்துவிட்டது. மூன்றாவது வரிசையில் அந்த மனிதர் வரியைப் பார்த்தார், பக்கத்தில் பார்த்தார். யாரும் இன்னும் தொடங்கவில்லை என்று தெரிந்ததும் வாயைத் திறந்தார். முதலில் முணுமுணுப்பு. அப்புறம் பட்டறைக் குரல், முழுசாக. நான் பாடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரி முன்னால் வருவதால் அவரும் எல்லோருக்கும் அரை மூச்சு முன்னால் போனார். பெஞ்சு பெஞ்சாகச் சபை அவர் பின்னே ஓடியது. பாடகர் குழுவும் ஓடத் தொடங்கியது. மாஸ்டர் அங்கிருந்தே அக்காவைப் பார்த்துக் கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினார், மெதுவாக, வரியைப் பிந்திப் போடு என்று.

அக்கா அதைப் பார்த்தார். தன் திரையின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து, மாஸ்டர் முழுக்க மறையும்வரை திருப்பி வைத்துக்கொண்டு, அடுத்த வரியைத் தட்டினார்.