மருந்தடித்த பாத்திகள்

சந்தாபுரா பக்கம் புல்தரை வளர்க்கும் கம்பெனியில் நான் புல் வெட்டினேன். நோய் தாங்கும் புல்லை உருவாக்க அங்கே ஒரு அம்மா வந்தார். குட்டை நரைமுடி, முழங்காலில் எப்போதும் சேறு. பாத்திகளில் அவரே பூஞ்சணத்தைத் தூவி நோய் வரவைப்பார். தினமும் காலையில் மண்டியிட்டு, கருகிய புல்லைத் தடவிச் சந்தோஷப்படுவார். சாகாமல் நிற்கும் புல்தான் அவருக்கு விதை.

நோய் பரவும் நேரத்தில் அவர் ஊருக்குப் போனார். யாரோ பெரிய மனிதர்கள் பார்க்க வருகிறார்களாம், மேனேஜர் எல்லாப் பாத்திக்கும் மருந்தடிக்க ஆள் விட்டான்.

"வேணாம் சார், அம்மா வரட்டும்" என்றேன்.

"சும்மா இருப்பா. கருகுன புல்ல காட்டி மானத்த வாங்கவா?"

அம்மா திரும்பி வந்ததும் மேனேஜர் பல்லைக் காட்டினான். "நோடி மேடம், பாருங்க, எல்லாம் பச்சைப் பசேல்னு இருக்கு!"

"எது தானா பொழச்சுது, எது மருந்தால பொழச்சுதுன்னு எப்படிப்பா கண்டுபிடிப்பேன்? எல்லா வேலையும் போச்சே" என்றார் அம்மா.

அவன் நழுவிவிட்டான்.

"நாலு வார்த்தை திட்டுங்கம்மா" என்றேன்.

"அடுத்த மழைக்கு மறுபடி சீக்கு வரவைக்கணும்பா. பூஞ்சணம் எடுக்க எங்கயாச்சும் ஒரு கருகுன புல்லு மிச்சம் இருக்கா பாரு."

மதியம் வரை இருவரும் மண்டியிட்டுத் தேடினோம். ஒன்றுகூட இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அப்போதும் அவர் திட்டவில்லை.

நான்தான் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.