ஆடாத தட்டும் அழகரத்தினத்தின் வலக்கையும்

மட்டக்களப்புப் பக்கத்து உன்னிச்சையில் அழகரத்தினத்தின் நெல் மில் ஓடத் தொடங்கினால் சுவர், வாங்குப் பலகை, தேத்தண்ணிக் கோப்பை எல்லாம் ஆடும். அந்த ஆட்டத்துக்குள் அவருடைய வலக்கை தனியாக நடுங்குவதை யார் கண்டார்? மனைவி இல்லாத வீடு. மகள் விதுசாவுக்கு மட்டும் தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும். தெரிந்தால் அவள் ஜெர்மனிக்கு ஆராய்ச்சிக்குப் போகமாட்டாள். அவருக்கிருந்த பயம் அவ்வளவுதான்.

விதுசாவின் படிப்பு விண்வெளி சம்பந்தமானது. விண்கலத்துக்குள் எதற்கும் பாரம் தெரியாது. பளிங்குகள், அதாவது கிறிஸ்டல்கள், பூமியில் வளராத அழகில் வளரும். ஆனால் விசிறியும் பம்பும் ஓட, ஆட்கள் உடற்பயிற்சி செய்ய, கலம் நடுங்கும், பளிங்கு கெடும். அதனால் பரிசோதனையை ஒரு தட்டில் வைத்து, எதிலும் முட்டாமல் காந்தத்தால் மிதக்கவிட வேண்டும். தொளதொளவென்று சில வயர்கள் மட்டுமே தொடுப்பு. அப்படியொரு தட்டைச் செய்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் வேலைநிறுத்தம் என்பதால் அதை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். தட்டு ஆடாததைக் காட்டும் நல்ல பதிவொன்றை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால்தான் ஜெர்மனியில் இடம் கிடைக்கும்.

மில்லை நிறுத்திய பிறகு சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்தாள். திரையில் அசைவைக் காட்டும் இரண்டு கோடுகள். மேலே ஓடியது தட்டின் கோடு, நேராக இருந்தது. கீழே மேசையின் கோடு, ஒரே சீராக நெளிந்தது. மின்விசிறியை நிறுத்தினாள், பிரிட்ஜை நிறுத்தினாள். நெளிவு நிற்கவில்லை.

எதிரே இருந்த அழகரத்தினம், நடுக்கம் தெரியாமலிருக்க வலக்கையை மேசையில் அழுத்தி ஊன்றியிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். கண்ணுக்கு மறைத்ததெல்லாம் மேசைக்குள் இறங்கியிருந்தது. அவருக்கும் அப்போதுதான் விளங்கியது. மெல்லக் கையை எடுத்தார். கோடு அடங்கியது.

ஆனால் விதுசா சந்தோஷப்படவில்லை. "என்ட காந்தம்தான் மேசைய ஆட்டுது அப்பா. விட்டு விட்டு ஆடுது. எல்லாத்தையும் கழட்டித்தான் பார்க்கணும்," என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். கழற்றினால் வெள்ளிக்கிழமை போய்விடும்.

"கழட்டாத புள்ள," என்று கையைத் திரும்ப மேசையில் வைத்தார். கோடு நெளிந்தது. எடுத்தார். அடங்கியது. மறுபடி வைத்தார்.

விதுசா திரையை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தாள். "எப்பயிருந்து?"

"போன மாரி மழை தொடக்கம்."

"ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீ போகமாட்டாய்."

"இப்ப மட்டும் போவனா?"

அழகரத்தினம் திரையில் மேலே ஓடிய கோட்டைக் காட்டினார். "மேசை இந்த ஆட்டம் ஆடுது. உன்ட தட்டு அசைஞ்சதா? ஆடுறது நான் புள்ள. நீ ஆடத் தேவையில்ல."

அவள் அழுது தீர்த்தாள். பிறகு அந்தப் பதிவையே, ஆட்டத்தின் காரணத்தையும் எழுதி அனுப்பினாள். மறுநாள் அவரை மட்டக்களப்புக்குக் கூட்டிப்போய் டொக்டரிடம் காட்டினாள். இடம் கிடைத்தது. அவர் குளிசை மருந்து எடுக்கத் தொடங்கியபின்தான் விமானம் ஏறினாள்.

போய்ச் சேர்ந்ததும் வீடியோவில் அழைத்தாள். சாப்பிட்டீங்களா என்றுகூடக் கேட்கவில்லை. "கையக் காட்டுங்க அப்பா."

அழகரத்தினம் கையை உயர்த்தினார். அது சிலைபோல நின்றது.

"அது இடக்கை," என்றாள் விதுசா. அவர் போனைப் பிடித்திருந்தது வலக்கையில். அவளுடைய திரையில் அவருடைய முகம், சுவர், வீடு எல்லாம் ஆடிக்கொண்டிருந்தன.